கொல்லை விளக்கும் இரண்டு கண்டென்சர்களும்

ரோசின் புகைக்கு ஒரு தனி வாசனை உண்டு. கொஞ்சம் குங்கிலியம், கொஞ்சம் எரிந்த பிளாஸ்டிக். ஆனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்து கூடத்து ஊஞ்சலில் சாய்ந்திருந்தபோது மாடிப்படி வழியாக அந்த வாசனை இறங்கி வந்தது. கண்ணைத் திறக்காமலே தெரிந்துவிட்டது, மேலே யாரோ சால்டரிங் அயர்னைச் சூடேற்றியிருக்கிறார்கள். பேத்திதான், வேறு யார்? லீவுக்கு வந்திருக்கிறாள், எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் பேத்தி ஞாபகம் வரவில்லை. ஸ்ரீரங்கம் கீழச் சித்திரை வீதி முனையில் இருந்த ரேடியோ கடையும், பெஞ்சுக்கு அடியில் காலை ஆட்டிக்கொண்டு ஈயக்கம்பியைப் பிடித்திருந்த டிராயர் போட்ட பையனும்தான் வந்தார்கள்.

கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரு வீட்டுத் திண்ணையைப் பலகை வைத்து அடைத்தது. உள்ளே மர்ஃபி, புஷ், பிலிப்ஸ் பெட்டிகள் வயிற்றைத் திறந்து போட்டுக் கிடக்கும். கடைக்காரரை ஊரே ‘ரேடியோ மாமா’ என்று கூப்பிட்டது. பள்ளிக்கூடம் விட்டதும் பையைத் திண்ணையில் எறிந்துவிட்டு அங்கே போய் உட்கார்ந்துகொள்வேன். வால்வுகளைத் துணியால் துடைப்பது, திருகாணிகளைக் காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைப்பது, கேட்டதை எடுத்துக் கொடுப்பது, இதெல்லாம் என் உத்தியோகம். சம்பளம், எப்போதாவது ஒரு பன்னீர் சோடா.

அந்த நாளில் வீட்டில் ரேடியோ வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீசில் பணம் கட்டி, சின்னப் புத்தகம் ஒன்றில் முத்திரை வாங்க வேண்டும். ரிப்பேருக்குப் பெட்டியைத் தூக்கி வருகிறவர்களில் சிலர் பயந்துபோய் அந்தப் புத்தகத்தையும் நீட்டுவார்கள். மாமா அதை வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டு, “சரி, உங்களை விட்டுட்டேன்” என்று திருப்பிக் கொடுப்பார். கார்த்திகை மாதக் கடைசியில் கடையில் நிற்க இடமிருக்காது. மார்கழி விடியற்காலையில் திருச்சி வானொலியில் திருப்பாவை கேட்டாக வேண்டும் எல்லோருக்கும். 1939-இல் ஆரம்பித்த நிலையம் அது. எங்கள் தெருப் பாட்டிகளுக்கு அது ஆண்டாள் சந்நிதிக்கு அடுத்தபடி.

வால்வு ரேடியோவின் உள்ளே முந்நூறு வோல்ட் வரை ஓடும். சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கின பிறகும் பெரிய ஃபில்டர் கண்டென்சரில் அது தங்கியிருக்கும். மாமா பெட்டியைத் திறந்ததும் முதல் காரியமாக மரப்பிடி போட்ட ஸ்க்ரூடிரைவரை அதன் கால்களின் குறுக்கே வைப்பார். ‘டப்’ என்று ஒரு நீலப்பொறி. “ஆஃப் பண்ணிட்டா ஆச்சுன்னு கையை விடாதே. கண்டென்சருக்கு மறதி கிடையாது” என்பார். கப்பாசிட்டர் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. இன்றைக்கும் ஃபேன் சுற்றவில்லை என்றால் எலக்ட்ரீஷியன் வந்து “கண்டென்சர் போயிருக்கு சார்” என்றுதானே சொல்கிறார்.

அவரிடம் ஒரு ஜப்பான் சன்வா மீட்டர் இருந்தது, ஊசி ஆடுகிற வகை. அதைத் தொட எங்களுக்கு அனுமதி கிடைக்க வெகுகாலம் ஆயிற்று. கிடைத்த அன்று அவர் சொன்ன பாடம் ஒன்றுதான். “கழட்டிட்டும் பாரு, கட்டிட்டும் பாரு. தனியா நிக்கறச்சே எல்லாரும் நல்லவாதான். சுமையைத் தலையில வச்சப்புறம் எவ்வளவு காட்டறதுன்னு பாரு.” பிறகு டிப்ளமா படித்து, திருவெறும்பூரில் பாய்லர் ஆலையில் கருவிகள் பிரிவில் ஆயுளைக் கழித்தேன். அங்கே வந்த மீட்டர்களின் விலை மாமாவின் கடை விலையைவிட அதிகம். பாடம் என்னவோ அதேதான்.

1977 நவம்பரில் திருச்சிக்குள் வெள்ளம் புகுந்ததே, அதற்குப் பிறகு இரண்டு மாதம் மாமா கடையில் சேற்று நாற்றம் போகவில்லை. பெட்டிகளையெல்லாம் நல்ல தண்ணீரில் கழுவி, மொட்டைமாடியில் வரிசையாக வெயிலில் வைத்தோம். வற்றலுக்குக் காவல் இருக்கிற மாதிரி காக்காய் விரட்டினேன். பாதிக்கு மேல் மறுபடி பாடின என்றால் இன்றைய பிள்ளைகள் நம்ப மாட்டார்கள்.

மாடிக்குப் போனேன். பேத்தி தரையில் பேப்பரை விரித்து, அதன்மேல் தன் சரக்கைப் பரப்பியிருந்தாள். உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் பேனல். கட்டைவிரலைவிடப் பருமனான இரண்டு உருளைகள். அவற்றின்மேல் 2.7 வோல்ட், 500 ஃபாரட் என்று போட்டிருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். மாமா கடையில் நான் பார்த்ததெல்லாம் மைக்ரோ ஃபாரட். ஒரு ஃபாரட்டில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. ஒரு ஃபாரட் கண்டென்சர் செய்தால் அதை வைக்க ஒரு அறை வேண்டும் என்று டிப்ளமாவில் எங்கள் வாத்தியார் தமாஷாகச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. இங்கே ஐந்நூறு, பேத்தியின் உள்ளங்கையில்.

“சூப்பர் கப்பாசிட்டர் தாத்தா. உள்ள கொட்டாங்கச்சிக் கரி.”

அவள் சொன்னது விளையாட்டில்லை. இதன் தகடுகளுக்கு நல்ல கரி தேங்காய்ச் சிரட்டையிலிருந்துதான் வருகிறது. சிரட்டையைக் கரியாக்கி, நீராவியில் சூடேற்றி, கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் விழச் செய்கிறார்கள். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் இந்தக் கரி செய்கிற ஆலைகள் உண்டு. ஒரே ஒரு கிராம் கரியின் உட்பரப்பைப் பிரித்து விரித்தால் ஆயிரத்து ஐந்நூறு சதுர மீட்டர்கூட வரும். நம் கணக்கில் ஆறு கிரவுண்டுக்கு மேல். அந்த ஆறு கிரவுண்டு முழுக்க மின்சாரம் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவுதான் விஷயம். பேட்டரியில் ரசாயனம் மாறி மாறித் தேய்வதுபோல் இதில் தேய்வது இல்லை. ஆகையால் லட்சக்கணக்கான தடவை ஏற்றி இறக்கலாம். 1957-இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் ஒருவர் இதற்குக் காப்புரிமை வாங்கினார், பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. 1978-இல் ஜப்பான் என்.இ.சி. தான் ‘சூப்பர் கப்பாசிட்டர்’ என்று பெயர் போட்டுக் கடைக்குக் கொண்டுவந்தது, கணினி நினைவகத்துக்கு மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்க.

பேத்திக்கு இந்தப் பித்து காரைக்குடியில் பிடித்தது. கல்லூரியிலிருந்து அங்கே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அழைத்துப் போயிருந்தார்கள். அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-இல் நேரு அடிக்கல் நாட்டிய இடம். பேட்டரி, சூப்பர் கப்பாசிட்டர் எல்லாவற்றிலும் ஆராய்ச்சி நடக்கிறது. திரும்பி வந்ததும், “பாட்டிக்குத் துளசி மாடத்துக்கு ஒரு விளக்கு பண்றேன், பேட்டரியே இல்லாம” என்று சபதம் செய்துவிட்டாள்.

எங்கள் வீடு பழைய மாதிரி. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், சமையல்கட்டு, கிணற்றடி தாண்டிக் கொல்லை என்று ரயில்பெட்டி கணக்காக நீளம். துளசி மாடம் கொல்லைக் கோடியில். சுண்ணாம்புச் சுவரைக் குடைந்து அங்கே வயர் இழுத்ததெல்லாம் ஒரு ஐப்பசி மழைக்குத் தாங்கவில்லை. கடையில் விற்கிற சோலார் தோட்ட விளக்குகளை வாங்கி வைத்தோம். வருஷம் திரும்புவதற்குள் உள்ளே இருக்கும் குட்டி பேட்டரி உப்பிப் போகும். என் அம்மா காலத்தில் ராந்தல் இருந்தது. மார்கழியில் நாலரை மணிக்கு அதை மாடத்தின்மேல் வைத்துக் கோலம் போடுவாள், நான் குளிரில் போர்வையோடு பக்கத்தில் நிற்பேன், பாம்புக்குக் காவலாம். இப்போது என் மனைவி ஒரு கையில் செல்ஃபோன் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு மறு கையால் இழை இழுக்கிறாள். கோலம் ஒரு பக்கமாகச் சாய்கிறது என்று தினம் ஒரு குறை.

சர்க்யூட் சிக்கலானது இல்லை. 6 வோல்ட், அரை வாட் பேனல். பேனலின் குறுக்கே 5.1 வோல்ட் செனர் ஒன்று, எல்லை மீறாமல் பார்த்துக்கொள்ள. பிறகு மின்சாரம் ராத்திரியில் பேனலுக்கே திரும்பிப் போகாதபடி ஒரு டையோடு. அதற்கப்பால் வரிசையாக இரண்டு கண்டென்சர்கள். வரிசையில் போட்டால் வோல்ட் கூடும், கொள்ளளவு பாதியாகும். ஆக 250 ஃபாரட். கடைசியில் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் சின்ன பூஸ்ட் போர்டும் அரை வாட் எல்.இ.டி.யும். டையோடுக்கு ஒரு கதை உண்டு. மெயின்கார்டு கேட் பக்கம் ஒரு கடையில் 5819 கேட்டால் 4007-ஐப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள், “எல்லாம் டையோடுதாம்மா” என்று. முன்னது 0.3 வோல்ட் அளவில் தின்னும், பின்னது 0.7. திருச்சி வெயிலில் பேனல் கொதிக்கும்போது அதன் வோல்ட்டே ஏறக்குறைய ஒன்று இறங்கிவிடும். வெயில் எவ்வளவுக்கெவ்வளவு கொளுத்துகிறதோ அவ்வளவு மின்சாரம் என்று நினைக்கிறோம். வெளிச்சம்தான் பேனலுக்கு வேண்டும், சூடு ஆகாது. அந்த நிலையில் இந்த 0.4 வோல்ட் வித்தியாசம் பெரிது. மாற்றி வாங்கி வந்தாள், சண்டை போட்டு.

“தாத்தா, பேனல் போச்சு. கண்டென்சர்ல ஏறவே மாட்டேங்குது.”

அவள் டிஜிட்டல் மீட்டரைக் காட்டினாள். பேனலைத் தனியாக வெயிலில் வைத்தால் 7 வோல்ட். கண்டென்சரோடு கட்டினால் 1 வோல்ட்கூட இல்லை. அரை மணியாகக் காத்திருக்கிறாளாம். பார்க்கிறவர்களுக்கு ஷார்ட் ஆகிவிட்டது என்றுதான் தோன்றும். என் அலமாரியில் நானே வாங்கின சன்வா இருந்தது. மாமாவுடையது இல்லை, பின்னால் வந்த மாடல். கண்ணாடி மஞ்சளேறியிருந்தாலும் ஊசி நல்லபடி. 250 மில்லி ஆம்பியரில் வைத்து, பேனலுக்கும் கண்டென்சருக்கும் நடுவே போட்டேன். ஊசி நிதானமாக எழுந்து 80-இல் போய் நின்றது. ஒரு மேகத் துணுக்கு சூரியனைக் கடந்தபோது 30-க்கு விழுந்து, மறுபடி எழுந்தது. பேனலும் பிழைத்திருக்கிறது, கண்டென்சரும் வாங்கிக்கொண்டிருக்கிறது. வேறென்ன வேண்டும்?

இவ்வளவு பெரிய கண்டென்சர் காலியாக இருக்கும்போது அது ஷார்ட்டுக்குச் சமானம். பேனலின் வோல்ட்டைத் தன் மட்டத்துக்கு இழுத்துவிடும். தெப்பக்குளத்தை ஒரு கைப்பம்பு வைத்து நிரப்புகிற கதை: தண்ணீர் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, படியில் நின்று பார்த்தால் மட்டம் அசைவதே தெரியாது. 80 மில்லி ஆம்பியருக்கு 250 ஃபாரட்டில் ஐந்து நிமிடத்துக்கு 0.1 வோல்ட் ஏற வேண்டும். கடிகாரத்தை வைத்துக்கொண்டு இருவரும் பார்த்தோம். அச்சாக ஏறியது. காலியிலிருந்து நிரம்ப நல்ல வெயிலில் நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். லீட் ஆசிட் பேட்டரி அப்படி இல்லை. செத்த பேட்டரிகூட சார்ஜரை மாட்டினதும் 12 வோல்ட் காட்டி ஏமாற்றும். 2012 மின்வெட்டில் திருச்சியில் எல்லோரும் இன்வெர்ட்டர் வாங்கினோமே, எத்தனை வீட்டில் ‘ஃபுல்’ என்று பச்சை விளக்கு எரிந்து, கரண்ட் போன பத்து நிமிடத்தில் ஃபேன் முனகியது! கண்டென்சரில் அந்தப் பாசாங்கு இல்லை. வோல்ட் எவ்வளவோ, உள்ளே இருப்பதும் அந்தக் கணக்கில்தான்.

மறுநாள் வேறொரு வேடிக்கை. வோல்ட் இரண்டு வரை ஏறுகிறது, அதற்குமேல் நகரவில்லை. விளக்கு தானாக மங்கலாக எரிகிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் அணைகிறது, ஐந்தாறு நிமிடம் கழித்து மறுபடி எரிகிறது. என் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, “என்னடி இது, மூச்சு விடறது?” என்றாள். உண்மையில் அப்படித்தான் இருந்தது. எரிகிறதா என்று பார்க்க வேண்டுமே என்கிற ஆசையில் சுவிட்ச் போட்டபடியே இருந்தது. பூஸ்ட் போர்டு இரண்டு வோல்ட் வந்ததும் விழித்துக்கொள்கிறது. அவ்வளவு குறைந்த வோல்ட்டிலிருந்து அரை வாட் கொடுக்க அதற்கு 300 மில்லி ஆம்பியர் வேண்டும். பேனல் தருவது 80. மீதியைக் கண்டென்சரிலிருந்து உறிஞ்சி, வோல்ட் விழுந்ததும் தூங்கிவிடுகிறது. வருமானம் 80, செலவு 300 என்றால் எந்தக் குடும்பமும் இரண்டு வோல்ட்டைத் தாண்டாது. சுவிட்சைப் போர்டுக்கு முன்னால் மாற்றி வைத்து, பகலில் தொடாதே என்று சொன்னதும் சாயங்காலம் 4.8 வந்துவிட்டது.

அன்று ராத்திரி பேத்தி தூங்கவில்லை. எண்பதுகளில் ஜூனியர் விகடனில் சுஜாதாவின் ‘ஏன்? எதற்கு? எப்படி?’ வந்துகொண்டிருந்தபோது மாமாவும் அப்படித்தான், பத்திரிகை வருகிற நாளில் ஸ்டேஷன் கடைக்கே போய் நிற்பார். “நம்ம ஊர்ல வளர்ந்த பிள்ளை” என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் சொல்லிக்கொள்வார், தானே எழுதிய மாதிரி.

விடியற்காலை நாலரைக்கு மீட்டர் 3.4 காட்டியது. விளக்கு பதினேழு நிமிடம் எரிந்து அணைந்தது. கணக்குப்படி ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாக எரிய வேண்டும். ஆனாலும் அந்தப் பதினேழு நிமிடத்தில் கோலம் முடிந்துவிட்டது. பாட்டிக்குத் திருப்தி. புதுக் கண்டென்சர் முதல் சில நாட்கள் கொஞ்சம் விடும், கரியின் ஆழமான ஓட்டைகளுக்குள் போய்ச் சேர நேரமாகும், போகப் போகச் சரியாகும் என்று பேத்தி சொன்னாள். அது நிஜம்தான். கல்லூரி திறந்தது, பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள்.

ஆவணி, புரட்டாசி வரை குறையில்லை. ஐப்பசி மழை, அதைச் சொல்லிப் பயனில்லை. கார்த்திகையில் வானம் வெளுத்தது, வெயில் பளபளவென்று அடித்தது, விளக்கு மட்டும் தேறவில்லை. மார்கழி பிறந்ததும் நிலைமை இன்னும் மோசம். “நாலு இழை இழுக்கறதுக்குள்ள அணைஞ்சு போறது. ராந்தலே தேவலை” என்று சமையல்கட்டிலிருந்து குரல் வந்தது. செமஸ்டர் லீவில் பேத்தி வந்து இறங்கியதுமே இருவரையும் மாடிக்குத் துரத்திவிட்டாள் என் மனைவி.

எங்கள் மொட்டைமாடியில் பழைய ஆன்டெனா கம்பம் ஒன்று இன்னும் நிற்கிறது. கொடைக்கானல் ஒளிபரப்பு நிலையம் வருவதற்கு முன்னால் நட்டது, இலங்கை ரூபவாஹினிக்காக. கம்பத்தைத் திருப்ப ஒரு ஆள் மேலே, “வந்துடுத்து, வந்துடுத்து... போயிடுத்து” என்று கத்த ஒரு ஆள் முற்றத்தில். அதே மாடியிலிருந்து தெற்கே பார்த்தால் என் சின்ன வயதில் ராயகோபுரம் மொட்டையாக, அடித்தளத்தோடு நின்றுகொண்டிருக்கும். நானூறு வருஷமாக அப்படித்தான் இருந்தது, இனியும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருந்தோம். 1987-இல் பதின்மூன்று நிலை, 236 அடி ராஜகோபுரமாகி நின்றது. அந்தக் கும்பாபிஷேகத்தை இந்த மாடியிலிருந்து பார்த்த கூட்டத்தில் கைப்பிடிச் சுவர் விரிசல் விட்டதை இன்னும் பூசவில்லை.

ஆனியில் பேனலை அந்தக் கம்பத்தின் அடியில்தான் கட்டியிருந்தாள். அப்போது நாள் முழுக்க வெயில் விழுந்தது. இப்போது பகல் இரண்டு மணிக்குத் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மெல்ல நகர்ந்து வந்து பேனலை மூடியது. சாயங்காலம் வரை விலகவில்லை. திருச்சி நிலநடுக்கோட்டிலிருந்து பதினோரு பாகை வடக்கே இருக்கிறது. சித்திரை தொடக்கத்திலும் ஆவணி தொடக்கத்திலும் நடுப்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேரே வரும். நடுவிலுள்ள மாதங்களில், ஆனி ஆடியில், அது வடக்கு வானத்தில் போகிறது. தொட்டி தென்மேற்கில் இருந்ததால் நிழல் பேனல் பக்கம் வரவே இல்லை. மார்கழியில் சூரியன் தெற்கே நன்றாகச் சரிந்து போகும். முற்றத்தில் வெயில் எந்தத் தூணைத் தொட்டால் என்ன மணி என்று கடிகாரம் இல்லாமல் சொன்ன என் பாட்டி இருந்திருந்தால், பேனலை அங்கே கட்டும்போதே தடுத்திருப்பாள்.

பேனல் விஷயத்தில் நிழலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. உள்ளே பன்னிரண்டு சின்ன செல்கள் வரிசையாகக் கோத்திருக்கின்றன. ஒன்றன்மேல் மட்டும் நிழல் விழுந்தாலும் மற்ற பதினொன்றும் அதன் வேகத்துக்கே இறங்கிவிடும். சன்வாவைப் போட்டுப் பார்த்தோம். வெயிலில் 80, நிழலில் 8.

எட்டாவது ஏறுகிறதே, இறங்குவானேன் என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது பேத்தி சர்க்யூட்டைத் திருப்பி இரண்டு ரெசிஸ்டர்களைத் தொட்டுக் காட்டினாள். இரண்டு கண்டென்சர்களும் வோல்ட்டைச் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும், ஒன்று 2.7-ஐத் தாண்டினால் அதன் ஆயுள் போச்சு. அதற்காக ஒவ்வொன்றின் குறுக்கேயும் 220 ஓம் போட்டிருந்தாள். புத்தகக் கணக்கு அதுதான். கண்டென்சர் தானாக விடும் கசிவைப்போல் பத்து மடங்கு ரெசிஸ்டரில் ஓட வேண்டும் என்பார்கள். எப்போதும் மெயின்ஸில் மாட்டியிருக்கும் கருவிக்கு அது சரியான கணக்கு, அங்கே பத்து மில்லி ஆம்பியரை யார் எண்ணுகிறார்கள்? இங்கே அந்த ரெசிஸ்டர்கள் இரவும் பகலும் 11 மில்லி ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தன. நிழலில் வரவு 8, இவை குடிப்பது 11. ஆக, பகல் இரண்டு மணிக்கே கண்டென்சர் இறங்க ஆரம்பித்துவிடுகிறது. விடிகாலை நாலரை வரை பதினாலரை மணி நேரம். கையிருப்பு 3 வோல்ட்டுக்குக் கீழே போய், பூஸ்ட் போர்டு வேலை செய்ய மிச்சம் ஒன்பது நிமிடம்தான். ஆனியில் காணாமல் போன முக்கால் மணி நேரமும் இந்த ரெசிஸ்டர்களின் வயிற்றில்தான் இருந்தது. அப்போது பாட்டிக்குத் திருப்தியாக இருந்ததால் நாங்கள் தேடவில்லை.

ஒவ்வொரு கண்டென்சரையும் தனித்தனியே அளந்தோம். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆலையில் பிறந்தவை போலிருக்கிறது, நூலிழை வித்தியாசம்கூட இல்லை. மொத்த வோல்ட்டையும் செனரும் டையோடுமாக 4.8-இல் நிறுத்திவிடுவதால் ஒவ்வொன்றுக்கும் 0.3 இடைவெளி இருக்கிறது. 220 ஓமை எடுத்துவிட்டு 4.7 கிலோ ஓம் போட்டாள். சால்டர் வைத்தது அவள்தான். ஈயக்கம்பியைப் பிடித்துக்கொள்கிற பழைய உத்தியோகம் எனக்கு. பேனலை ஆன்டெனா கம்பத்தில் தொட்டியின் நிழலுக்கு மேலே ஏற்றி, தெற்கே பார்த்துச் சாய்த்துக் கட்டினோம். ரூபவாஹினிக்காக வாங்கின அதே கிளாம்பு, துருவைச் சுரண்டியதும் பிடித்துக்கொண்டது. மறுநாள் விடிகாலை மீட்டர் 4.5-க்குக் குறையவில்லை. மனைவி கோலத்தை முடித்து, செம்மண் இட்டு, விளக்கு எரிவதை வீணாக்குவானேன் என்று துளசியின் பழுத்த இலைகளையும் கிள்ளிவிட்டு உள்ளே வந்தாள். வெளிச்சம் கொஞ்சம் வெள்ளையாக இருக்கிறதாம், அது புதுக் குறை.

இதைக் கேள்விப்பட்டு, வீட்டு இன்வெர்ட்டருக்கே பேட்டரியை எடுத்துவிட்டு இதைப் போடலாமா என்று அக்கம்பக்கத்தில் கேட்கிறார்கள். போட முடியாது. எங்கள் இரண்டு உருளைகளும் நிரம்பி நின்றாலும் மூவாயிரம் ஜூலைத் தொடாது. சட்டைப்பையிலிருக்கும் செல்ஃபோன் பேட்டரியில் ஐம்பதாயிரம் ஜூல் இருக்கிறது. தினம் ஏற்றி, தினம் இறக்கி, வருஷக்கணக்கில் கையை வைக்காமல் விட வேண்டிய சின்ன விளக்கு, மணி, கதவுப் பூட்டு மாதிரியான வேலைகளுக்கு இது உகந்தது. ஷாங்காயில் 2006-இலேயே இதில் பஸ் ஓட்டியிருக்கிறார்கள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் சார்ஜ் ஏற்றிக்கொண்டுதான் ஓடியது.

செய்து பார்க்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழுது பார்க்கக் கழற்றும்போது ரேடியோ மாமாவின் ஸ்க்ரூடிரைவர் வித்தையை இதில் காட்டாதீர்கள். வோல்ட் குறைவு, ஷாக் அடிக்காது, உண்மைதான். ஆனால் உள்ளெதிர்ப்பு இல்லாத குறையாக இருப்பதால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஒரே நொடியில் பாய்ந்து ஸ்க்ரூடிரைவர் முனையை உருக்கிவிடும். 10 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் கால்களின் குறுக்கே மாட்டிவிட்டு இரண்டு மணி நேரம் போய் வேறு வேலை பாருங்கள். திரும்பி வந்து மீட்டரில் அரை வோல்ட்டுக்குக் கீழே காட்டினால் மட்டும் கையை வையுங்கள்.